குத்தகை பாக்கியும் வருவாய் நீதிமன்றம் தரும் அவகாசமும்

பிசான நெற்பருவத்தின் அறுவடை முடிந்து களம் காலியானதும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துக் குத்தகை பாக்கி வழக்குகள் வரத் தொடங்கிவிடும். அண்மையில் வந்த ஒரு விவசாயியும், முன்பு வந்த பலரைப் போலவே, "வெள்ளத்தில் வயல் போனது ஊருக்கே தெரியும், கோர்ட்டு பார்த்துக்கொள்ளும்" என்றார். ஊருக்கே தெரிந்த செய்தியானாலும் கோப்பில் காகிதமாக ஏறாவிட்டால் தீர்ப்பெழுதுபவருக்கு அது தெரியாது என்பதை எத்தனை முறைதான் சொல்வது!

1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பாக்கிக்காக வெளியேற்றக் கோரும் மனுவில், நிலத்துக்காரர், குத்தகைதாரர் ஆகிய இருவருடைய நிலைமையையும் சீர்தூக்கிப் பார்த்து, பாக்கியையும் வழக்குச் செலவையும் கட்டுவதற்கு நியாயமான அவகாசம் அளிக்கும் அதிகாரத்தை, குத்தகை வழக்குகளை விசாரிக்கும் வருவாய் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. அதற்குள் கட்டினால் மனு தள்ளுபடியாகும். இந்த விருப்புரிமை நாளைப் பற்றியது, தொகையைப் பற்றியதன்று. அவகாசம் கிடைத்தது என்பதால் பாக்கி கரைந்துவிடாது, இரக்கம் காட்டினார்கள் என்பதால் குறைந்தும் விடாது. குத்தகை அளவே கூடுதல் என்று கருதினால், அதற்கு 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் தனியே இருக்கிறது.

கெடு தவறினால் தானாகவே வெளியேற்றம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆணை முறையன்று என்றும், அவகாசம் கொடுக்கத் தெரிந்த அதிகாரிக்கு அதை நீட்டிக்கவும் அதிகாரம் உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 1980-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. இதையே "கெடு ஒரு பொருட்டில்லை" என்று யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா வெறுங்கையோடு வருகிறார்கள். நீட்டிப்பு வேண்டுமானால், தகுந்த காரணம் காட்டி, மனுப்போட்டுக் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சீராய்வுக்குப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் கீழே வைக்காத சான்றை அங்கே போய்த் தேடுவதற்கில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தில் வயலில் மணல் மேடிட்டது என்றால், அந்தப் பசலியின் (வருவாய்த் துறைக் கணக்காண்டின்) அடங்கல் எனப்படும் பயிர்ப் பதிவேட்டின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்தும், பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அந்தக் காகிதங்களையும் வாங்கி வையுங்கள். அந்த விவசாயி என்னிடம் நீட்டியது ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம். "பிசானம் 6 கோட்டை வரவு" என்றிருந்தது (கோட்டை என்பது நெல் அளக்கும் பழைய அளவு). தேதி இல்லை, கையெழுத்து இல்லை, யார் அளந்து யார் வாங்கினார் என்பதும் இல்லை. கோட்டைக் கணக்கில் பேசுவது நம் வழக்கம், அதில் குற்றமில்லை; பற்றுச்சீட்டில் மட்டும் கிலோவையும் சேர்த்து எழுதி, தயவுசெய்து கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நிலத்துக்காரர் நெல்லை வாங்க மறுத்தால், மறுத்தாரே என்று வீட்டில் உட்காராதீர்கள். குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், கட்டும் நாளின் சந்தை விலைப்படி நெல்லின் மதிப்பை நீதிமன்றத்தில் கட்டச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. கொள்முதல் நிலைய ரசீது இருந்தால் விலைக்குச் சான்றாகக் கூடவே கொண்டுவாருங்கள்.

நிலத்துக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆணை கையில் இல்லாமல் டிராக்டரை இறக்கினால், பாக்கி வழக்கில் உங்கள் பக்கம் இருந்த நியாயமும் சேர்ந்து உழப்பட்டுவிடும்.