காளை ஏன் நின்றது? மனத்தை இயக்கும் கருவிகளும் பொதுநன்மை என்ற வாதமும்

1963ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கோர்டோபா அருகே ஒரு பண்ணையில், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோசே டெல்காடோ கையில் ஒரு வானொலிக் கருவியுடன் சண்டைக் காளைக்கு முன்னால் நின்றார். சீறிப் பாய்ந்து வந்த காளை, அவர் பொத்தானை அழுத்தியதும் தடுமாறி நின்று, ஒருபக்கமாகத் திரும்பி விலகியது. அதன் மூளைக்குள் அவர் முன்னரே பொருத்தியிருந்த மின்முனைகளின் வேலை அது. மூர்க்கத்தைப் பொத்தானால் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தக் காட்சி உலகெங்கும் பரப்பியது. 1969இல், மூளையை நெறிப்படுத்துவதன் வழியே நாகரிகம் முதிர்ந்த சமுதாயத்தை உருவாக்கலாம் என்று வாதிட்டு டெல்காடோ ஒரு நூலே எழுதினார்.

நரம்பியலாளர் பலருக்கு அந்தக் காட்சி வேறுவிதமாகப் பட்டது. மின்சாரம் பாய்ந்த இடங்களுள் முக்கியமானது காடேட் உட்கரு. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் பகுதி அது. அங்கே தூண்டினால் விலங்கின் தலையும் உடலும் தாமாகவே திரும்பக்கூடும். அப்படியானால் காளையின் சினம் தணிந்ததா, சினம் அப்படியே இருக்க உடல் மட்டும் திருப்பப்பட்டதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காளையைக் கேட்டறியவும் வழியில்லை. ஊர் நன்மைக்காக மனிதரைத் திருத்த முற்படுபவருக்கோ இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. பாய்ச்சல் நின்றால் அவருக்குப் போதும்.

அந்தப் ‘போதும்’ எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மருத்துவ உலகம் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1935இல் லிஸ்பனில் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், மூளையின் முன்மடலைப் பிற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்காவில் மருத்துவர் வால்டர் ஃப்ரீமன் 1946 முதல் அதை இன்னும் எளிதாக்கினார். பனிக்கட்டி உடைக்கும் ஊசியைப் போன்ற ஒரு கருவியைக் கண்குழியின் மேற்புறம் வழியாக உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் அசைத்து எடுத்தால் முடிந்தது. லொபாட்டமி என்ற இந்தச் சிகிச்சை பல்லாயிரம் பேருக்குச் செய்யப்பட்டது. கூச்சலிட்டவர்கள் அமைதியானார்கள், அந்த அமைதி குணமாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் திட்டமிடுவதும், விரும்புவதும், ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுந்து நிற்பதும் முன்மடலைச் சார்ந்த திறன்கள். சிகிச்சை தவறாகப் போனது என்று முறையிட வேண்டிய உறுப்பையே அந்தச் சிகிச்சை வெட்டியது. முறையீடு வராததை வெற்றிக்குச் சான்றாகக் கொண்டதுதான் அந்த முறை அத்தனை காலம் நீடித்ததற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மனத்தை மாற்றும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கால் முறிவுக்குக் கட்டுப்போட்டால், கட்டு சரியா தவறா என்று சொல்ல நோயாளியின் மனம் தனியே இருக்கிறது. மனத்துக்கே கட்டுப்போட்டால், தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் மாறிவிடுகிறார்.

இதை மிகத் துல்லியமாகக் காட்டுவது, மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தி மின்சாரம் செலுத்தும் இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபித் தலைமையிலான குழு, நடுக்கத்துக்குக் காரணமான இடத்தை அழிக்காமலே, அங்கு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 100 துடிப்புகள்) மேற்பட்ட வேகத்தில் தொடர்ச்சியாக மின்துடிப்புகளைச் செலுத்தி நடுக்கத்தை நிறுத்தலாம் என்று கண்டது. நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயில் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக் கூட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து பொருந்தாத தாளத்தில் துடிக்கின்றன. வேகமான செயற்கைத் துடிப்பு அந்தத் தாளத்தைக் குலைத்து, உடல் அசைய இடங்கொடுக்கிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பெரும்பாலும் மின்முனை வைக்கப்படுவது மூளையின் ஆழத்திலுள்ள சப்தலாமிக் உட்கரு என்னும் சிறு பகுதியில். அது சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. அதற்குள் ஒரு பக்கம் அசைவுக்கான சுற்றுகளும், அதை ஒட்டியே மனநிலைக்கும் ஆசைக்குமான சுற்றுகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மின்சாரத்துக்கு வேலி தெரியாது. கையை அசையவைக்கப் பாய்ச்சியது சிலரிடம் களிப்பையும் கட்டுக்கடங்காத துணிச்சலையும் எழுப்பிவிடுகிறது.

நெதர்லாந்து மருத்துவர்கள் 2004இல் பதிவுசெய்த ஒருவரின் நிலை அப்படிப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அவருக்குத் தூண்டல் ஓடும்போது நடமாட முடிந்தது. ஆனால் பித்துநிலை பற்றிக்கொண்டு, பெருங்கடனில் சிக்கினார். தன்னிடம் எந்தக் குறையும் இருப்பதாக அவர் கருதவில்லை. தூண்டலை நிறுத்தினால் மனம் தெளிந்தது. உடலோ படுக்கையில் முடங்கியது. மருந்துகளால் பித்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இரண்டில் எது வேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? மருத்துவர்கள் கருவியை அணைத்துவிட்டு, அவர் தெளிவாக இருந்த நேரத்தில் கேட்டார்கள். கருவி ஓடட்டும், மனநல மருத்துவமனையில் இருந்துகொள்கிறேன் என்று அவர் தேர்ந்தெடுத்தார். அந்த முடிவு சரியா என்று நான் சொல்லப்போவதில்லை. கருவியின் பிடியில் இல்லாத மனத்திடம் கேட்டார்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஒரு நாட்டு மக்கள் எல்லோருக்கும் யாரும் மின்முனை பொருத்தப்போவதில்லை. பெருந்திரளுக்கென்று வேறு கருவிகள் உள்ளன. அவற்றுள் மருந்துவழி அதிக நம்பிக்கையூட்டியது. ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீரை மூக்கில் தெளித்தால் பிறர்மேல் நம்பிக்கை கூடுகிறது என்று 2005இல் சூரிச் ஆய்வு ஒன்று அறிவித்தபோது, பரிவை மருந்தாகக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பிற்பாடு அதே முடிவை மீண்டும் பெறுவது கடினமாக இருந்தது ஒருபுறம். 2010 முதல் வெளிவந்த டச்சு ஆய்வுகள், அந்த நம்பிக்கை தன் குழுவினர் பக்கமே சாய்கிறது என்று காட்டியது மறுபுறம். பொதுநன்மைக்கென்று கொடுக்கும் மருந்து ‘நம்மவர்’ உணர்வைக் கூர்மையாக்கினால், நன்மை யாருக்கு?

இன்னொரு கருவி மூளையைத் தொடுவதே இல்லை. உறுப்புக்கொடைக்கு இசைந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் ஜெர்மனியில் ஏறத்தாழ 12 சதவீதம், ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் என்று 2003இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டுக் காட்டியது. அண்டை நாட்டாரிடையே ஈகைக் குணம் இவ்வளவு வேறுபடுவதில்லை. ஜெர்மனியில் இசைபவர் தாமே பதிய வேண்டும். ஆஸ்திரியாவில் மறுப்பவர்தான் பதிய வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் எது நடக்குமோ அதையே பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆட்சிகள் இதைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. விதி சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது, மறுப்பதற்கு மனம் அப்படியே இருக்கிறது, மறுக்கவும் முடிகிறது.

கொடிய ஆயுதங்கள் பெருகிய உலகில் மனிதரின் அறவுணர்வை உயிரியல் வழியில் மேம்படுத்துவது கட்டாயம் என்று மெய்யியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். ஒரே ஒருவரின் வெறி கோடிப்பேரை அழிக்கக்கூடும் என்ற அவர்களின் அச்சத்தை அற்பமாகத் தள்ள முடியாது. ஆனால் சமுதாயம் தன் பிழையை அறியும் முதல் வழி, யாரோ ஒருவர் முரண்டு பிடிப்பதுதான். முரண்டைக் குறைக்கும் மருந்து வெறியரின் முரண்டையும் குறைக்கும், பிழையைச் சுட்டுபவரின் முரண்டையும் குறைக்கும். மூலக்கூறுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. தவிர, மருந்தளவைத் தீர்மானிப்பவரின் மனத்தை யார் மேம்படுத்தியிருப்பார்கள்?

தன்விருப்பமான ஒப்புதல் இன்றி மனிதர்மேல் பரிசோதனை கூடாது என்று, நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் உருவான நியூரம்பர்க் நெறிமுறை சொன்னது 1947இல். ஆறே ஆண்டுகளில், 1953இல், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, மனத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளைத் தேடும் எம்கே-அல்ட்ரா திட்டத்தைத் தொடங்கி, அறியாத மனிதருக்கு எல்எஸ்டி என்னும் மாயத்தோற்றம் தரும் போதைப்பொருளைக் கொடுத்துப் பார்த்தது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. 1973இல் ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. நன்மை கிடைத்ததா என்று சரிபார்க்கத் தேவையான சான்றும் அதோடு போயிற்று.

2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 6,89,003 பேரைச் சோதனைக்கு உட்படுத்தி, அவர்களுள் ஒரு பகுதியினரின் பக்கங்களில் ஒரு வாரம் மகிழ்ச்சியான பதிவுகளையோ துயரமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதும் சொற்கள் எப்படி மாறுகின்றன என்று அளந்தது. மாற்றம் மிகச் சிறியது, ஆயிரம் சொற்களுக்கு ஒன்று என்ற அளவில்கூடத் தேறுமா என்னும்படி. ஆழ்மூளைத் தூண்டல் பெறும் நோயாளியிடம் கருவியைத் தாமே அணைத்துக்கொள்ளக் கையடக்கமான ஒரு கட்டுப்படுத்தி கொடுக்கப்படுவது வழக்கம். அந்த 6,89,003 பேர் சோதனைக்கு உள்ளானவர்களில் தாமும் ஒருவரா என்று அந்த வாரம் அறிந்திருக்கவில்லை. 2014 ஜூனில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது, அணைப்பதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.