ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும், கரைப்பதாகச் சொல்லும் காப்ஸ்யூலும்

சென்ற வாரம் காலை ஒன்பது மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு 58 வயதுக்காரர் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். முந்தைய இரவு பத்து மணி வாக்கில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து சோறு நழுவித் தட்டில் விழுந்திருக்கிறது. பேச்சு குழறி, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. கடையிலிருந்து திரும்பிய மகனுக்கு அது பக்கவாதம் என்று பார்த்தவுடன் புரிந்திருக்கிறது. புரிந்தும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் என்று நம்பி இணையத்தில் வாங்கி வைத்திருந்த காப்ஸ்யூல் இரண்டை வெந்நீரோடு விழுங்கவைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைத்துவிட்டார். அந்த டப்பாவை என் மேசைமேல் வைத்து, "நீங்கள் போடுகிற ஊசியும் இதுவும் ஒன்றுதானே டாக்டர், இரண்டுமே என்சைம்தானே?" என்று கேட்டார்.

அதற்குள் எடுத்திருந்த சிடி ஸ்கேனில் மூளையின் இடப்பக்கத்தில் உள்ளங்கையளவுப் பகுதி கறுத்துப் போயிருந்தது. மூளையின் ரத்தநாளத்தை அடைத்த கட்டிக்கான ஊசியைப் போடும் நேரம் கடந்துவிட்டது. விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்ததால், வாயில் ஊற்றிய வெந்நீரில் ஒரு பங்கு நுரையீரலுக்குள் போயிருந்தது. இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் அவர் முதலாமவர் அல்லர் என்பதாலும், இனி ஒருவருக்கு இதைப் படுக்கையருகில் நின்று விளக்கும் நிலை எனக்கு வரக்கூடாது என்பதாலும், அந்தக் கேள்விக்கு இங்கே முழுமையாக விடை எழுதுகிறேன்.

இரண்டும் என்சைம்தான், அதாவது நொதிதான். இரண்டும் புரதத்தை வெட்டும் நொதிகள்தான். அதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசியில் ஏற்றும் மருந்தின் பெயர் ஆல்டெப்ளேஸ். டிபிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் புரதம் நம் ஒவ்வொருவரின் ரத்தநாளங்களின் உட்சுவரிலும் இயற்கையாகவே சுரக்கிறது. ஆனால் சுரக்கும் அளவு மிகமிகக் குறைவு என்பதால், அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவது நெடுங்காலம் இயலாத காரியமாக இருந்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் டெசிரே கொலனும் டிங்கமன் ரைக்கனும், இந்த நொதியை மிகுதியாகச் சுரக்கும் ஒரு தோல் புற்றுநோய்ச் செல் வகையை வளர்த்து, அதிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தின் டயேன் பெனிக்காவும் அவருடைய குழுவினரும், அந்தச் செல்களில் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ படிகளை உருவாக்கிப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, இந்த நொதிக்கு உரிய மரபணுப் படியைத் தேடிப் பிடித்து, அதன் முழு வரிசையையும் 1983 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

527 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. அதில் 17 கந்தகப் பாலங்கள்; ஆங்காங்கே சர்க்கரைக் கிளைகள். இவ்வளவு சிக்கலான புரதத்தைப் பாக்டீரியாவால் சரியாக மடித்துத் தர முடியவில்லை என்பதால், சீன வெள்ளெலியின் சூல்பைச் செல்களில் அதை உற்பத்தி செய்கிறார்கள். விலை ஏன் இவ்வளவு என்று கேட்கும் குடும்பத்தினருக்கு நான் சொல்லும் முதற்காரணம் இதுவே. எங்கள் செவிலியர் பொடியாக வரும் இந்த மருந்தில் நீரைச் சேர்த்த பிறகு குப்பியைக் குலுக்கமாட்டார். இரு விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றி, மேலே கட்டிய நுரை அடங்கும்வரை மேசையில் வைத்துக் காத்திருப்பார். குலுக்கினால்கூடக் கெட்டுவிடக்கூடிய ஒரு பொருளை, இரைப்பையின் அமிலத்துக்குள் போட்டு மூளையில் வேலை செய்யச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

மரபணு வரிசை கைக்கு வந்தபோதுதான் இந்த நொதியின் உண்மையான அழகு தெரிந்தது. அது ஒரே கட்டையான கத்தரிக்கோல் அன்று. தனித்தனி வேலை உடைய ஐந்து பகுதிகளை வரிசையாகக் கோத்த கருவி. உயிர்வேதியியலில் இப்பகுதிகளை டொமைன் என்போம். முதலில் விரல் எனப்படும் சிறு பகுதி. அடுத்து ஒரு வளர்ச்சிக் காரணியை ஒத்த பகுதி. பிறகு கிரிங்கிள் என்ற பெயரில் இரண்டு வளையங்கள். கடைசியில்தான் வெட்டும் கத்தி. கிரிங்கிள் என்பது ஸ்காண்டிநேவிய நாடுகளில் முறுக்கிச் சுடும் ஒரு தின்பண்டத்தின் பெயர். படத்தில் பார்த்தால் நம் கைமுறுக்கு நினைவுக்கு வரும். எட்டாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு 14 துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அத்துண்டுகளின் எல்லைகள் பெரும்பாலும் இந்த டொமைன்களின் எல்லைகளோடு பொருந்தி வருகின்றன. பல புரதங்களின் துண்டுகளைப் பரிணாமம் எடுத்துக் கோத்த மாலை இது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். "கரைக்கும் மருந்து" என்ற சொல்லைக் கேட்டவுடன், வெந்நீரில் வெல்லம் கரைவதுபோல இந்த ஊசி ரத்தக்கட்டியைக் கரைக்கிறது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டிபிஏ ரத்தக்கட்டியை நேரடியாக வெட்டுவதே இல்லை. நம் ரத்தத்தில் பிளாஸ்மினோஜென் என்ற புரதம் செயலற்று மிதந்துகொண்டிருக்கிறது. டிபிஏ அதில் ஒரே ஒரு பிணைப்பை மட்டும் வெட்டுகிறது. வெட்டியவுடன் அது பிளாஸ்மினாக விழித்துக்கொள்கிறது. கட்டியின் ஃபைப்ரின் இழைகளை அறுப்பது அந்தப் பிளாஸ்மினே. இந்த வேலை ரத்தம் முழுவதும் நடந்தால் உடலெங்கும் ரத்தக்கசிவு ஏற்படும். அவ்வாறு பெருமளவு நடக்காமல் காப்பவை விரல் பகுதியும் இரண்டாம் கிரிங்கிளும்தான். அவை ஃபைப்ரினைத் தேடிப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய இடத்தில் பிளாஸ்மினோஜெனும் வந்து அமர்கிறது. அப்போது நொதியின் வேகம் பல நூறு மடங்கு கூடுகிறது. கட்டி இல்லாத இடத்தில் அது ஏறக்குறைய சும்மா இருக்கிறது.

அந்த டப்பாவில் இருந்தது நாட்டோகைனேஸ். ஜப்பானியர் உண்ணும் நாட்டோ என்ற புளித்த சோயா உணவில் ஒரு பாக்டீரியா சுரக்கும் நொதி அது. 275 அமினோ அமிலங்கள். வெட்டும் கத்தி மட்டுமே உண்டு. விரலும் இல்லை, கிரிங்கிளும் இல்லை. சோதனைக் குழாயில் அது ஃபைப்ரினை வெட்டும் என்பது உண்மைதான். சோதனைக் குழாயில் இரைப்பை இல்லை, குடல் இல்லை, மூளையும் இல்லை. திடீர்ப் பக்கவாதத்துக்கு அதைக் கொடுக்கச் சொல்லும் மருத்துவ வழிகாட்டுதல் ஒன்றுகூடக் கிடையாது. காயத்துக்கும் பல் பிடுங்கிய வீக்கத்துக்கும் எழுதித் தரும் டிரிப்சின், செராஷியோபெப்டிடேஸ் மாத்திரைகளில் மிச்சத்தை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இதே விடைதான். ஆஸ்பிரினோ வேறு வகை: அது நொதியே அன்று, இருக்கும் கட்டியைத் திறக்கவும் திறக்காது, வந்திருப்பது ரத்தக்கசிவால் ஆன பக்கவாதமாக இருந்தால் கசிவைக் கூட்டிவிடும். அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்து என்னாலேயே சொல்ல முடியாது. அதற்குத்தான் சிடி ஸ்கேன்.

நேரத்துக்கு வருவோம். 1995-இல் 624 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் டிபிஏ பெற்றவர்கள் ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்தோடோ மீளும் வாய்ப்பு 30 சதவீதமாவது கூடுதல் என்று காட்டியது. அதே ஆய்வில் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் மருந்து பெற்றோரில் 6.4 சதவீதம், பெறாதோரில் 0.6 சதவீதம். இந்த ரத்தக்கசிவுக் கணக்கை நான் எந்தக் குடும்பத்தினரிடமும் மறைப்பதில்லை. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு எல்லை நான்கரை மணி நேரமாயிற்று. அதற்கு மேல் தாமதித்தால், ரத்தம் கிடைக்காமல் மடிந்த திசுவில் நாளச் சுவர்களும் நைந்துபோகின்றன. அப்போது அடைப்பைத் திறந்துவிட்டால் அந்த நைந்த சுவர் வழியாக ரத்தம் மூளைக்குள் பாயும். நாங்கள் ஊசி போட மறுப்பது விதிமுறைப் பிடிவாதத்தால் அன்று. பெரிய நாளம் அடைத்திருந்தால், குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. ஆனால் காப்பாற்றத் திசு மிச்சம் இருக்க வேண்டும். அந்த 58 வயதுக்காரருக்கு மிச்சம் இல்லை.

டிபிஏவுக்கு ஒரு குறை உண்டு. கல்லீரல் அதைச் சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து அகற்றிவிடுகிறது. ஆகவே 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கை ஒரே தடவையில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருக்கிறது. மரபணு கையில் இருந்ததால் இதற்கும் வழி பிறந்தது: முதல் கிரிங்கிளில் சர்க்கரைக் கிளை அமரும் இடத்தை மாற்றி, கத்திப் பகுதியில், இந்த நொதியை அடக்கும் ரத்தத்தின் தடுப்புப் புரதம் வந்து பற்றும் நான்கு அமினோ அமிலங்களையும் மாற்றினார்கள். அதுவே டெனெக்டெப்ளேஸ்; ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால், சில நொடிகளில் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். எங்களைப் போன்றோருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, நோயாளியை வேறு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள்.

எனவே, முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென நடை தள்ளாடினாலோ, பார்வை மறைந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள கிளினிக்குக்கு அன்று, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள்: மாத்திரை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காபி வேண்டாம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று நாக்கின் அடியில் மாத்திரை வைக்காதீர்கள். அதைக் குறைக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை நாங்கள் முடிவு செய்வோம். நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே தீர்மானித்து உட்கார்ந்துவிடாதீர்கள்; அந்தத் தீர்மானத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும்போது, ரத்தம் உறையாமலிருக்க அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்து வாருங்கள்; அத்தகைய மருந்து உடலில் இருந்தால் இந்த ஊசி ஆபத்தாக முடியலாம். நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் கண்ணால் பார்த்தவரும் கூடவே வர வேண்டும். எங்கள் கடிகாரம் நீங்கள் கோளாறைக் கவனித்த நிமிடத்திலிருந்து ஓடுவதில்லை. அவர் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. அன்று அந்த மகனோடு உறவினர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். தட்டில் சோறு விழுந்ததை நேரில் பார்த்த அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் அவரைக் கேட்டபோது, பத்து மணி இல்லை, ஒன்பதேகால் என்றார்.