மெஸ் தட்டு, காலேஜ் பஸ், இருபது நிமிடம்

காலை 6.40-க்குக் காலேஜ் பஸ். 8.30-க்கு முதல் பீரியட். மதியம் லேப், மாலை 4.30-க்கு மீண்டும் பஸ், வீடு சேர மணி ஆறு. அதன்பிறகு ரெக்கார்டு, அசைன்மென்ட், இன்டர்னலுக்குப் படிப்பு. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு பஸ் மிச்சம். ஆனால் மெஸ் நேரம், கேட் மூடும் நேரம் என்று வேறு கட்டுகள் உண்டு. நேரமில்லை என்று இந்த மாணவர்கள் சொன்னால் அதை அப்படியே நம்பலாம். ‘தினமும் ஒரு மணி நேரம் ஜிம்’ என்று எழுதிக் கொடுக்கும் திட்டம் பெரும்பாலும் இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறது. முதல் இன்டர்னல் அட்டவணை வந்ததும் அந்த ஒரு மணி நேரம்தான் முதலில் காணாமல் போகிறது.

அதனால் தனியாக ஒரு மணி நேரத்தைத் தேட வேண்டாம். டைம் டேபிளில் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் சின்னச் சின்னதாகச் செருகுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம், மாலையில் கால் மணி நேரம் என்று வாரத்தில் ஆறு நாள் வேகமாக நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும். 18 வயது நிரம்பியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரே மூச்சில் இத்தனை நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது கிடையாது. நான்காவது மாடி வகுப்புக்குப் படியேறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். நடையின் வேகத்தை அளக்கக் கடிகாரம் தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள்.

சாப்பிட்டதும் நடப்பதில் இன்னொரு பயனும் உண்டு. சோறு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். அந்த நேரத்தில் கால் தசைகள் இயங்கினால் அவை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஏற்றம் குறையும். 2 மணி வகுப்பில் கண் சொருகுவதும் பலருக்குக் குறைகிறது. வெயில் மண்டையைப் பிளக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மைதானத்துக்குப் போகாதீர்கள், காரிடாரிலேயே நடங்கள். ‘ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடங்கள்’ என்ற அறிவுரை டவுன் பஸ்ஸில் வருபவர்களுக்குத்தான் பொருந்தும். காலேஜ் பஸ் நடுவில் நிற்காது, அதில் வருபவர்கள் மதிய இடைவேளையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தசைப் பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஓய்வு நாள் தானாகவே கிடைக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம் இருந்தால் சரி. மாலை ஆறு, ஆறரைக்கே கேட் மூடிவிடும் பெண்கள் விடுதிகளில் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதலில் பஸ்கி, 10 முதல் 12 முறை. நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்புவதும், முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே வளைவதும்தான் இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள். அப்படி ஆனால் பின்னால் ஒரு நாற்காலியை வைத்து, அதைத் தொட்டு எழுந்து பழகுங்கள். அடுத்து தண்டால், 8 முதல் 10. தரையில் முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை என்று இறங்கி வரலாம். இடுப்பு தொய்ந்து வயிறு முதலில் தரையைத் தொட்டால் அந்தத் தண்டால் கணக்கில் இல்லை, உயரமான இடத்துக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: இழுக்கும் பயிற்சி. நாள் முழுக்க லேப்டாப் முன்னும் போன் முன்னும் குனிந்திருக்கும் தோளுக்குத் தண்டாலைவிட இது அவசியம். புத்தகப் பையில் ஐந்தாறு கிலோ வருமளவு புத்தகம் அடுக்குங்கள். இடுப்பில் மடிந்து, முதுகை நேராக வைத்து, பையைத் தரையிலிருந்து வயிற்றுப் பக்கம் இழுத்து மெதுவாக இறக்குங்கள், 12 முறை. பிறகு மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது 12 முறை. கடைசியில் பிளாங்க், அதாவது குப்புற இருந்து முழங்கையையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி உடலை நேர்க்கோடாக நிறுத்துவது, 20 முதல் 30 விநாடி. இது ஒரு சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. முதல் வாரம் இரண்டு சுற்று மட்டும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று சுற்று. எந்த அசைவிலும் மூச்சை அடக்கக் கூடாது. பாரத்தைத் தள்ளும்போதோ தூக்கும்போதோ மூச்சை வெளியே விடுங்கள். 15 முறை சிரமமில்லாமல் வந்தால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல், பையில் இன்னும் இரண்டு புத்தகம் வையுங்கள் அல்லது இறங்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

முதல் வாரத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? பழக்கமில்லாத தசையை ஒரே நாளில் கசக்கினால் வலி மறுநாள்தான் தொடங்கும். இரண்டு, மூன்று நாள் இருக்கும். அது தானாகப் போய்விடும். ஆனால் செமஸ்டர் தொடங்கியதும் நண்பர்களோடு ஜிம்மில் சேர்ந்து, முதல் நாளே போட்டி போட்டு நூறு பஸ்கி போடுபவர்களுக்கு வேறு ஒன்று நடக்கலாம். தசை நார்கள் பெரிய அளவில் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும். பயிற்சி செய்து ஓரிரு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தொடையோ கையோ வீங்கி விறைத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைச் சாதாரண உடம்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு அறையிலேயே படுத்துவிடாதீர்கள். வெயிலும், போதாத தண்ணீரும், காய்ச்சலும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

இனி தட்டுக்கு வருவோம். மெஸ் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம், ருசி இல்லை என்பதுதான் எல்லோருடைய புகாரும். ஆனால் பெரிய குறை புரதத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் சுமார் 10 கிராம். மதியம் சோறு, தண்ணீராக ஓடும் சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேர்ந்து 12 கிராம் போல. மாலை டீயும் பப்ஸும் ஐந்தாறு கிராம். இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும் 11 கிராம். மொத்தம் 40-ஐ எட்டுவதே சிரமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்த அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம் வேண்டும். தசைப் பயிற்சி செய்பவருக்கு இன்னும் கூடுதலாகத் தேவை, 65 முதல் 70 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம்.

இந்த 25 கிராம் இடைவெளியை அடைக்க அடுப்புகூட வேண்டாம். அவித்த முட்டை இரண்டு, 12 கிராம். ஒரு கை பொட்டுக்கடலை, 30 கிராம் எடை, அதில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பால் அல்லது ஒரு கிண்ணம் தயிர், ஆறேழு கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் எடுக்கலாம், கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. முளைகட்டிய பயறு நல்லதுதான், ஆனால் ஹாஸ்டல் அறையின் சூட்டில் ஈரத்துணியில் கட்டிவைத்த பயற்றில் முளையோடு கிருமியும் வளரும். வேகவைக்க வழி இருந்தால் மட்டும் செய்யுங்கள். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போது கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், பருப்பெல்லாம் அடியில்தான் கிடக்கும்.

மெஸ் கமிட்டியில் மாணவர்களுக்கு இடமிருந்தால் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: வாரத்தில் மூன்று மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், ஒரு நாளாவது கெட்டியான பருப்புக் கடைசலோடு கீரை. கூடுதல் செலவு பெரிதாக வராது, அதனால் இது பெரும்பாலும் மறுக்கப்படாத கோரிக்கை.

வீட்டிலிருந்து வருபவர்களின் டிபன் பாக்ஸிலும் இதே குறைதான். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், புளிசாதம், அப்பளம். மாவுச்சத்துக்குத் துணையாக இன்னொரு மாவுச்சத்து. காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டிக்கொடுக்கும் அம்மாவுக்கு வேலை கூடாமல் இதை மாற்றலாம். முந்தின இரவே ஊறவைத்த கடலையைக் குக்கரில் சோற்றோடு ஒரு தட்டில் வைத்தால் சேர்ந்தே வெந்துவிடும். சாதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வையுங்கள்.

காலையில் ஆறு மணிக்குச் சாப்பாடு இறங்காது என்பது உண்மை. வற்புறுத்திச் சாப்பிட்டால் பஸ்ஸில் குமட்டும். அதற்காக வெறும் வயிற்றில் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம், 10.40 இடைவேளையில் சமோசாவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. காலை உணவை இரண்டாகப் பிரியுங்கள். கிளம்பும்போது ஒரு வாழைப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும். இட்லியோ தோசையோ முட்டையோ டப்பாவில் வைத்து முதல் இடைவேளையில்.

டீயைப் பற்றி, குறிப்பாக மாணவிகளுக்கு, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் எந்நேரமும் அசதி, முடி கொட்டுவது இவற்றையெல்லாம் ‘ஸ்டாமினா இல்லை’ என்று சொல்லிவிட்டு உடற்பயிற்சியைக் கூட்டுபவர்கள் உண்டு. அவர்கள் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரை தேவை. சாப்பாடு மட்டும் போதாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது, ஆண்களுக்கு 19. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. பேரீச்சையிலும் பலர் நம்பும் அளவுக்கு இல்லை. ஈரல், இறைச்சி, கீரை, கொள்ளு, கடலை வகைகள், எள் ஆகியவற்றில் உண்டு. சாப்பாட்டோடும், சாப்பிட்டவுடனும் டீ, காபி குடித்தால் உடல் உறிஞ்சும் இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தாலோ, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றாலோ உறிஞ்சுவது கூடும். இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள்.

கல்லூரிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் மிகப் பலர். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று வந்து நிற்பது இதனால்தான். இதில் மாற வேண்டியது கழிப்பறை. வகுப்புப் பிரதிநிதி மூலம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். அதுவரை, சுத்தமாக இருக்கும் ஒரு தளத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் பாட்டிலை மதியத்துக்குள் காலி செய்யுங்கள்.

இரவில் நடப்பது வேறு கதை. மெஸ்ஸில் 7.30-க்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிவரை படித்தால் 11 மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அந்தப் பசிக்கு நூடுல்ஸ் பாக்கெட்டோ பரோட்டா பார்சலோ வருகிறது. 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமான வரம்பே 5 கிராம்தான். 10 மணிக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் பொட்டுக்கடலை என்று முன்னாலேயே சாப்பிட்டுவிட்டால் 11 மணிப் பசி வராது. 9 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் பாதி, இரவு 2 மணிக்கும் உடலில் இருக்கும். கடைசி காபி மாலை 5 மணிக்குள் முடியட்டும்.

ஒரு மணிக்குப் படுத்துவிட்டு, ஓடப் போகிறேன் என்று ஐந்து மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தில் தசை தேறாது, படித்ததும் நிற்காது. அன்று தூங்குங்கள், மதிய நடை போதும்.

புரதப் பவுடர் வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஒரு ஸ்கூப்பில் இருப்பது சுமார் 24 கிராம், அதாவது நான்கு முட்டை. மேலே சொன்ன சாப்பாட்டை ஒரு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலோருக்கு பவுடர் தேவைப்படாது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் உள்ளதை மட்டும் வாங்குங்கள். ஜிம்மில் லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பதைத் தொடாதீர்கள்.

செமஸ்டர் தேர்வு நெருங்கும் மூன்று வாரத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். மூன்று சுற்றை ஒரே சுற்றாக்குங்கள், ஆறு நிமிடத்தில் முடியும், வாரம் இரண்டு முறை. முட்டையையும் பொட்டுக்கடலையையும் நிறுத்த வேண்டாம். தேர்வுக்கு முந்தின இரவு வெளிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். தேர்வு முடிந்து லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியதும் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் மறுநாள் ஹாஸ்டல் படிகளில் இறங்கக் கைப்பிடி தேவைப்படும்.