கண்மணி: கண்ணுக்குள் தெரியும் சிற்றுருவம்

பாழ்நிலத்தில் கண்டெடுத்த இஸ்ரவேல் மக்களைக் கடவுள் காத்த விதத்தைச் சொல்லும் பைபிள் வசனமான உபாகமம் 32:10, 'அவனைத் தமது கண்மணியைப்போலக் காத்தருளினார்' என்று முடிகிறது. இங்கே 'கண்மணி' என்று பெயர்க்கப்பட்டுள்ள எபிரெயச் சொல் 'ஈஷோன்'. 'ஈஷ்' என்றால் மனிதன். 'ஓன்' என்னும் ஈறு சிறுமையைக் குறிப்பதாகக் கொண்டு, 'சின்ன மனிதன்' என்று இச்சொல்லுக்குப் பொருள் சொல்வது வழக்கம். ஒருவருடைய கண்ணுக்கு மிக அருகில் சென்று உற்றுப் பார்த்தால், கரிய வட்டத்தின் நடுவே பார்ப்பவரின் உருவமே மிகச் சிறியதாகத் தெரியும். பெயர் அதிலிருந்து வந்தது. எட்ட நின்றால் அந்த உருவம் தெரியாது என்பதால், கடவுளின் காவலோடு அவருடைய நெருக்கத்தையும் இச்சொல் சேர்த்தே சொல்வதாக எனக்குப் படுகிறது.

'கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்' என்னும் சங்கீதம் 17:8-இன் எபிரெயத்தில் ஈஷோனோடு 'பத் ஆயின்', அதாவது 'கண்ணின் மகள்', என்ற தொடரும் சேர்ந்து வருகிறது. தமிழ் வேதம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. நீதிமொழிகள் 7:9-இல் இதே ஈஷோன் இரவின் நடு இருளையும் குறிக்கிறது.

கண்ணுக்குள் ஆள் இருப்பதாகக் கண்டவர்கள் எபிரெயர் மட்டும் அல்லர். கண்ணின் மணிக்கு வழங்கும் கிரேக்கச் சொல்லான 'கோரே'க்குச் சிறுமி என்பதும் பொருள். இலத்தீனின் 'பூபில்லா'வும் அப்படியே. தமிழில் அது 'பாவை'. 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்' என்ற 1123-ஆம் குறளில், தன் கருமணிக்குள் இருக்கும் பாவையைப் பார்த்து, 'நீ போய்விடு, நான் விரும்பும் அழகிய நெற்றியாளுக்கு இங்கே இடம் போதவில்லை' என்கிறான் காதலன்.

ஆகவே ஈஷோனுக்குச் சொல்லுக்குச் சொல் நேரானது பாவைதான். ஆனால் இன்று அச்சொல்லைத் தனியே கேட்பவருக்குப் பெண்ணோ பொம்மையோதான் நினைவுக்கு வரும், கண் வராது. கண்மணியில் உருவம் மறைந்தாலும், மணியின் அருமை வந்து சேர்கிறது. பிள்ளையைக் கொஞ்சி அழைக்கும் சொல்லாகவும் அது இருப்பதால், வசனத்தின் கனிவு சற்றும் குறைவதில்லை. கண்மணியே தகுந்த பெயர்ப்பு என்பேன். ஆங்கில மரபுத்தொடரை அப்படியே பெயர்த்துக் 'கண்ணின் ஆப்பிள்' என்பது மட்டும் வேண்டாம். கண்ணின் கருவட்டத்தை உருண்டையான திடப்பொருள் என்று ஒரு காலத்தில் எண்ணியதால் ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் அது, எபிரெயத்தில் பழம் ஏதும் இல்லை.

சகரியா 2:8-இல் உள்ள சொல் வேறு. 'உங்களைத் தொடுகிறவன் அவருடைய கண்மணியைத் தொடுகிறான்' என்னும் இடத்தில் எபிரெயம் 'பாவா' என்கிறது. வேதத்தில் வேறெங்கும் வராத இச்சொல்லுக்கு 'வாசல்' என்றும் சிலர் பொருள் கொள்வர். இங்கே அழுத்தம் அருமையில் இல்லை, வலியில் இருக்கிறது. கண்ணில் தூசி விழுந்தால் நினைப்பதற்குமுன் இமை மூடிக்கொள்ளும். பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பியிருந்த, பிறரால் கொள்ளையிடப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் இது. அவர்கள்மேல் கைபட்டால் வலி கடவுளின் கண்ணுக்கு.