வண்டி பார்க்கும் முன் எர்த் குழியைப் பாருங்கள்

காட்பாடியில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். சில வருடங்களாக மின்சாரக் கார்களுக்கு வீட்டில் சார்ஜரும் பொருத்துகிறேன். பெரும்பாலானவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர் மட்டும் முன்னாலேயே கூப்பிட்டார். மெர்சிடிஸ் இக்யூஎஸ் 580, பிஎம்டபிள்யூ ஐ7 எக்ஸ்டிரைவ்60, இரண்டில் எதை வாங்குவது என்று வீட்டில் பேச்சு.

"தம்பி, ஒரு சார்ஜுல இக்யூஎஸ் 857 கிலோமீட்டர் போகுதாம். ஐ7 625தான். அப்புறம் என்ன யோசனை?"

"பாய், ரெண்டையும் ஒரே படியில அளக்கலையே" என்றேன்.

857 என்பது இந்தியச் சோதனையின் கணக்கு. அதில் வேகம் 90-ஐத் தாண்டாது. 625 டபிள்யூஎல்டிபி என்ற ஐரோப்பியச் சோதனையில் வந்தது, அங்கே வேகம் 130 வரை போகும். அதே ஐரோப்பியச் சோதனையில் இக்யூஎஸ்ஸுக்குச் சுமார் 677. ஆக வித்தியாசம் இருநூற்றுச் சொச்சம் இல்லை, ஐம்பதுதான். வேலூர் மே மாத வெயிலில் ஏசி போட்டு, பெங்களூர் ரோட்டில் நூறில் ஓட்டினால் இரண்டுமே இன்னும் குறையும். ஆம்பூரிலிருந்து சென்னை போய்த் திரும்ப 380 கிலோமீட்டர் அளவு. அதை இரண்டும் தாங்கும்.

சரி, ராத்திரி வீட்டில் என்ன ஆகும்? இக்யூஎஸ் பேட்டரி 107.8 யூனிட், ஐ7 பேட்டரி 101.7 யூனிட். த்ரீ ஃபேஸ் லைனில் 11 கிலோவாட் சார்ஜர் போட்டால் காலியான பேட்டரி நிறைய இரண்டுக்கும் பத்து மணி நேரம் பக்கம் ஆகும். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் செருகினால் இரண்டு நாள் பிடிக்கும். வீட்டுக்கு வாங்கியிருக்கும் லோடு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த கிலோவாட், எவ்வளவு என்று இபி கார்டை எடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்து, அது வந்த பிறகு வண்டி எடுங்கள்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது, கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்கு. நம்ம ஊர் மண் கோடையில் காய்ந்து பிளக்கிறது. குழியில் ஈரம் போனால் எர்த்தின் தடை ஏறிவிடும். ஃபேனும் ஃபிரிட்ஜும் அதைக் காட்டிக்கொடுக்காது. கார் சார்ஜர் காட்டிக்கொடுக்கும், சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். ஒரு வீட்டில் வண்டியில்தான் கோளாறு என்று இரண்டு முறை சர்வீஸுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போய் எர்த் டெஸ்டர் வைத்தேன். குழி பாலாற்று மணல் மாதிரி உலர்ந்து கிடந்தது. கடைசியாக யாராவது தண்ணீர் ஊற்றி எத்தனை வருடமோ! சார்ஜ் நின்றதோடு போயிற்று. குழந்தைகள் ஓடியாடும் போர்ட்டிகோ அது. கரன்ட் கசிவு இருந்திருந்தால்? ஆகவே சார்ஜருக்குத் தனிக் குழி, தனி வயர், கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, இந்த மூன்றும் இல்லாமல் நான் கை வைப்பதில்லை.

பிறகு பாயோடு டேப் பிடித்து போர்ட்டிகோவை அளந்தேன். ஐ7 5.39 மீட்டர், இக்யூஎஸ் 5.22. அவர் வீட்டில் ஐ7 நின்றால் கேட் சாத்தாது. ஐ7 பின் சீட்டில் உட்கார்ந்து 31 அங்குலத் திரையில் படம் பார்க்கும் ஆசை அவர் மகனுக்கு இருந்தது. கேட்டை வெளியே தள்ளுவதா, ஆசையை விடுவதா என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எர்த் குழியை மட்டும் அந்த வாரமே தோண்டச் சொல்லிவிட்டார்.