பெய்ஜிங்கின் காலை ஓதம்

பெய்ஜிங்கில் வாரத்தில் ஒரு வேலை நாளில் மட்டும் வழக்கத்தைவிட நெரிசல் கூடிவிடும். மழையோ திருவிழாவோ காரணமில்லை. 4 என்ற எண்தான் காரணம். 2008 ஒலிம்பிக்கிற்குப் பிறகு, அங்கே முழு மின்சாரக் கார்களைத் தவிர, ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு வேலை நாள் ஓய்வெடுக்க வேண்டும். எண் பலகை 1 அல்லது 6 என்று முடிந்தால் ஒரு நாள், 2 அல்லது 7 என்று முடிந்தால் இன்னொரு நாள். காலை 7 முதல் இரவு 8 வரை, நகரைச் சுற்றி ஓடும் ஐந்தாம் வட்டச் சாலைக்குள் அந்த வண்டிகளை ஓட்டக்கூடாது. கணக்குப்படி, ஒவ்வொரு வேலை நாளும் இந்தக் கார்களில் ஐந்தில் ஒரு பங்கு வீட்டில் நிற்கும். ஆனால் சீன மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. 4இல் முடியும் எண்ணை விரும்பி எடுப்பவர்கள் குறைவு. ஆகவே 4க்கும் 9க்கும் தடை உள்ள நாளில், பெரும்பாலும் 9 மட்டுமே வீட்டில் நிற்கிறது.

இது போதாமல், 2011 முதல் எண் பலகைக்கே குலுக்கல் நடக்கிறது. முதல் ஆண்டில் 2,40,000 எண்கள். 2018இல் ஆண்டுக்கு 1,00,000 என்று குறைத்தார்கள். கையில் பணம் இருந்தாலும், குலுக்கலில் பெயர் விழாமல் முதன்முறையாகப் பெட்ரோல் கார் வாங்கி ஓட்ட முடியாது. இத்தனைக்குப் பிறகும் நெரிசல் தீரவில்லை. அதன் வேர் கார்களின் எண்ணிக்கையைவிட, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தூரத்தில்தான் இருக்கிறது என்பேன்.

முன்பு ‘தான்வெய்’ என்ற பணியிட அமைப்பு இருந்தது. வேலை கொடுத்த ஆலையோ அலுவலகமோதான் குடியிருப்பும் கொடுத்தது, பெரும்பாலும் ஒரே மதிலுக்குள்ளேயே. வேலைக்கு நடந்தே போகலாம், அல்லது சைக்கிள் போதும். 1998இல் அரசு இந்த வீட்டு ஒதுக்கீட்டை நிறுத்தியது. மக்கள் வீட்டைச் சந்தையில் வாங்க வேண்டியதாயிற்று. விலை கட்டுப்படியான இடமோ நகர விளிம்பில் இருந்தது. வடக்கே ஹுய்லோங்குவான், தியான்தோங்யுவான் பகுதிகளில் அடுக்ககங்கள் எழுந்தன. வேலைகள் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த ஷாங்தியிலும் ஜோங்குவான்சுன்னிலும், நகர நடுவிலும் குவிந்தன. இரவில் தூங்க மட்டுமே வீடு திரும்பும் இந்தப் பகுதிகளுக்கு ‘தூங்கும் நகரம்’ என்றே பெயர்.

இதனால் போக்குவரத்து கடல் ஓதம்போல ஆகிவிட்டது. காலையில் எல்லோரும் ஒரு திசையில் போகிறார்கள், மாலையில் எதிர்த்திசையில் திரும்புகிறார்கள். ஒரு பக்கச் சாலை நிரம்பி வழியும்போது மறுபக்கம் காலியாகக் கிடக்கிறது. கட்டிய சாலையில் பாதிதான் பயன்படுகிறது. மெட்ரோவிலும் இதே கதை. விளிம்பு நிலையங்களிலேயே ரயில் நிரம்பிவிட்டால், வழியில் காத்திருப்பவர்கள் ஏற முடியாது. அதனால் காலையில் சில நிலையங்களின் வாசலில் தடுப்புக் கம்பிகளை வளைத்து வளைத்து வைத்து, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்கள். காத்திருப்பு நடைமேடையிலிருந்து தெருவுக்கு இடம் மாறுகிறது. நடைமேடையில் தள்ளுமுள்ளு நேராமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இத்தனை ஏற்பாடுகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது, 2019 மே 31 அன்று ஹுய்லோங்குவானிலிருந்து ஷாங்திக்குத் திறந்த 6.5 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. அதில் கார் கிடையாது, மின்சார சைக்கிளும் கூடாது, சிக்னலும் இல்லை. வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். அந்த வேகத்திலேயே 26 நிமிடத்தில் மறுமுனையை எட்டிவிடலாம். ஒரு சைக்கிள் பிடிக்கும் இடம் மிகச் சிறிது என்பதால், ஒரு கார் தடத்தின் அகலத்தில் காரில் போவோரைவிடப் பல மடங்கு ஆட்கள் போக முடியும்.

அந்தப் பாதையின் இரு ஓரமும் பச்சை, நடுவே ஒரு சிவப்புத் தடம். காலையில் அந்தச் சிவப்புத் தடம் வேலைக்குப் போகிறவர்களுக்கு. மாலையில் அதே தடம் திசை மாறி, வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு வழிவிடுகிறது.