பூமியின் மையம் நின்றுவிடவில்லை, அத்தை

வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து அத்தை போன். யாரோ அனுப்பிய வாய்ஸ் நோட்டைக் கேட்டிருக்கிறார். "பூமிக்குள்ள சுத்துறது நின்னுபோச்சாமே, பௌர்ணமிக்குக் கடல் ஊருக்குள்ள வருமாமே?" இருபது கிலோ அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கியாகிவிட்டதாம். இந்த மாதம் எனக்கு இது நான்காவது போன். பூமி சுற்றுவதை அளப்பதுதான் என் பிழைப்பு; பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

2023 ஜனவரியில் பீகிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது இவ்வளவுதான்: மேலே உள்ள பாறையோடு ஒப்பிட்டால், திடமான உள்மையம் 2009 வாக்கிலிருந்து முந்தாமல் கூடவே சுற்றுகிறது. (அதிலேயே எங்கள் ஆட்களுக்குள் சண்டை உண்டு.) ஒப்பிட்டால்! என்3 நெடுஞ்சாலையில் 120-இல் போகிறீர்கள். பக்கத்து லேனில் இன்னொரு காரும் 120. ஜன்னல் வழியே பார்த்தால் அது அசையாதது போலத்தான் தெரியும். அதற்காக நடுரோட்டில் நின்றுவிட்டது என்று இறங்கிப்போய்த் தள்ளுவீர்களா? உள்மையமும் நாளுக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

"அவ்வளவு ஆழம் உனக்கெப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. நம் தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கமே ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான். உள்மையத்தைச் சுற்றியிருக்கும் உருகிய வெளிமையம் தொடங்குவது 2,890 கிலோமீட்டரில். சரி, ஒரு பச்சை முட்டை, ஒரு வெந்த முட்டை எடுங்கள். (புரட்டாசி என்றால் விரதம் முடியட்டும்.) தட்டில் சுழற்றி, விரலால் ஒரு நொடி அமுக்கிவிட்டு எடுங்கள். வெந்தது நின்றுவிடும். பச்சை முட்டை மெல்ல மறுபடி சுற்றும். பூமி இரண்டாவது ரகம். நிலவும் சூரியனும் இழுக்கும்போது அதன் அச்சு ஆடும் விதமே உள்ளே திரவம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் உள்ள 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டு, மற்ற கண்டங்களின் தொலைநோக்கிகளோடு சேர்ந்து அளப்பது இந்த ஆட்டத்தையும்தான்.

ஓதம் (நிலவும் சூரியனும் இழுப்பதால் வரும் ஏற்ற இறக்கம்) கடலுக்கு மட்டும் இல்லை. உங்கள் வீட்டுத் தரையும் தினம் இருபது, முப்பது சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. பூமி முழுதும் பாறையாக இருந்தால் இவ்வளவு வளையாது. 1926-இல் புவி இயற்பியலாளர் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் நடுவில் திரவம்தான் என்று வாதாடியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பௌர்ணமி, அமாவாசையில் கடல் கொஞ்சம் அதிகம் ஏறும். எப்போதும் அப்படித்தான். பாறை மேல் நின்று தூண்டில் போடுகிறவர்கள் கடற்படையின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள், வாய்ஸ் நோட்டைக் கேட்டு அல்ல. அப்புறம், பெரியவர்களே, பகிரும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். பகலில்.